ஓட்டுநருடன் பேசாதீர்கள்

காண்ட்ராக்டரின் மனைவிக்கு லாரி ஓட்டும் லைசென்ஸ் உண்டு. "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று கல்யாணமான புதிதில் அவர்தான் எடுக்கச் சொன்னார். அவசரம் வந்தபாடில்லை. சாவியும் வந்தபாடில்லை. அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "பள்ளம், பள்ளம்! பிரேக்கப் போடுங்க!" என்று வாயாலேயே லாரி ஓட்டினாள். பொறுக்க முடியாமல் அவர், 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று ஒரு பலகை எழுதி அவள் மூக்குக்கு நேரே மாட்டிவிட்டார்.

அந்த வருஷம் நகராட்சியின் குப்பை டெண்டரில் புது நிபந்தனை வந்தது. லாரி ஓட்டுகிறவர்களில் பெண்களும் இருக்க வேண்டும்; ஆணுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம் அவர்களுக்கும். இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை. மற்ற காண்ட்ராக்டர்கள் தலையில் கை வைத்தார்கள். இவர் மீசையில் கை வைத்தார்.

"நீ சும்மா ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு சிரி. கொள்முதல் அதிகாரி போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"சிரிக்கறதுக்கு எதுக்குங்க லைசென்ஸ்?" என்றாள். ஏறினால் இறங்குவதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

மறுநாள் வந்த அதிகாரி, கண்ணாடி போட்ட பெண்மணி, கேமராவையே தொடவில்லை. பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு, "போலாமாம்மா?" என்றார். காண்ட்ராக்டர் ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டார்.

லாரி போய் நின்றது ஊரிலேயே ஒடுங்கலான முட்டுச்சந்தின் முன்னால். ஆண் ஓட்டுநர்கள் எல்லாரும் வாசலிலேயே கும்பிடு போட்டுத் திரும்பிய இடம். அவள் லாரியைப் பின்பக்கமாகவே உள்ளே விட்டாள். இடப்பக்கச் சுவரில் இருந்த பல்லி ஒன்று, லாரி மேல் நடந்து வலப்பக்கச் சுவருக்குப் போய்ச் சேர்ந்தது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். பல்லி இன்னும் வலப்பக்கம்தான் இருக்கிறது.

லாரி நின்றது. காண்ட்ராக்டர் இறங்கினார். முன்னால் லாரி, பின்னால் சுவர், நடுவில் குப்பைமேடும் அவரும்.

அதிகாரி ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். "பிரமாதமா ஓட்றாங்களே! என்ன சம்பளம் குடுக்கறீங்க?"

"சம்பளமா?" காண்ட்ராக்டரின் நெஞ்சு குப்பைமேட்டை விட உயர்ந்தது. "நம்ம வீட்டு ஆளு மேடம்! ஒரு பைசா கிடையாது!"

நுணலும் தன் வாயால் கெடும்.

"அப்போ ஒப்பந்தமும் கிடையாது" என்றார் அதிகாரி.

அவள் பதறவில்லை. எஞ்சினை நிறுத்தினாள். "என்னங்க! சம்பளம் இல்லாதவ வண்டிய நகர்த்தினா தப்பாம். நீங்களே வந்து எடுத்துக்குங்க."

"எப்படிடீ வருவேன்? பல்லி கூட மேல ஏறித்தான போச்சு!"

"அப்போ மத்த டிரைவருங்களுக்குக் குடுக்கறத எனக்கும் எழுதிக் குடுங்க."

"குடுக்கறேன்!"

"என்னைக்கிருந்து?"

"இன்னைக்கிருந்தே, தாயே! நாத்தம் தாங்கல, வண்டிய எடு!"

"மேடம், கேட்டுச்சா?"

"சந்துக்கே கேட்டுச்சும்மா. எழுத்துல வந்ததும் கையெழுத்துப் போடறேன்."

சாயங்காலத்துக்குள் அவளுக்கு வேலை உத்தரவும் அவருக்கு ஒப்பந்தமும் வந்துவிட்டன. ஒரு வாரத்தில் ஊரிலுள்ள மற்ற காண்ட்ராக்டர்கள் எல்லாரும், கையில் குழந்தையோடு, டிரைவிங் ஸ்கூல் வாசலில் மனைவிமாருக்காகக் காத்து நின்றார்கள்.

முதல் நாள் வேலைக்கு அவள் கிளம்பியபோது காண்ட்ராக்டரும் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். தெருமுனை தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

"பள்ளம், பள்ளம்! பிரேக்கப் போடு!"

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் மூக்குக்கு நேரே இருந்த பலகையை விரலால் தட்டினாள்.

"எழுத்து நல்லாத் தெரியுதுங்களா?"