பதினாலாம் நம்பர் சிரிப்பு

"பதினாலைப் போடு" என்றார் இயக்குநர், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியபடியே.

ஒலிப்பதிவாளன் போட்டான். திரையில் மாமனார் பாத்திரம் வழுக்கி விழுந்தது. முதலில் மூக்கால் ஒரு சீறல், பிறகு மூன்று விக்கல், அப்புறம் அணை உடைந்தாற்போல ஒரு சிரிப்பு. செத்துக் கிடந்த காட்சி எழுந்து உட்கார்ந்துவிட்டது.

டிவி நகைச்சுவைத் தொடரில் கேட்கிற சிரிப்பு, அந்தத் தொடரைப் பார்த்துச் சிரித்தது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். இந்தத் தொடரில் அப்படி இல்லை. எப்போதோ, எதற்கோ, யாரோ சிரித்ததைப் பத்திரப்படுத்தி வைத்து, வேண்டிய இடத்தில் ஒட்டுவதுதான் இவனுடைய வேலை. கணினியில் நாற்பது சிரிப்புகள் இருந்தன. பதினாலாவது, அவன் அண்ணனுடையது. அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது.

அதற்கும் ஒரு வருஷம் முன்னால், அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் புது மைக் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது பதிவானது அது. அண்ணனைச் சிரிக்க வைக்க, அண்ணி போனில் பேசுவதை இவன் நடித்துக் காட்டினான். "ஒன்றை அழுத்தவும்" என்று பதிவுக்குரல் சொன்னால், "அழுத்தறேம்மா, அதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு" என்று ஆரம்பித்து, அந்த இயந்திரத்திடம் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லுவார் அண்ணி. அண்ணன் தரையில் உட்கார்ந்தே விட்டார்.

தொடர் தொடங்கியபோது, ஒரே ஒரு தடவை என்றுதான் அதைச் சேர்த்தான். இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. நாலு வருஷமாக ஊரே கேட்கிறது. அண்ணியிடம் மட்டும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? உங்களைக் கேலி செய்து சிரித்த சிரிப்பு என்றா?

அந்தச் சனிக்கிழமை மாலை பழப்பையோடு அண்ணி வீட்டுக்குப் போனான். பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பது அண்ணியின் வேலை. கட்டில் முழுக்க வெள்ளைச் சட்டைகள். டிவியில் இவனுடைய தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி திரையைப் பார்க்கவே இல்லை, ஊசியில்தான் கண். அதில் மாமனார் வழுக்கி விழ, பதினாலு வந்தது. ஊசி நின்றது. சிரிப்பு முடிந்ததும் மறுபடி நகர்ந்தது.

"தம்பி, அது உங்க அண்ணன்தானே?"

வாயில் போட்ட ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றது. "ஆமா அண்ணி."

"அவர் எப்போ இந்த நாடகம் பார்த்தார்?"

விளக்கினான். அண்ணி பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். "அப்போ வேற எதுக்கோ சிரிச்சிருக்கார். எதுக்கு?"

"ஏதோ ஜோக் சொன்னேன். மறந்துபோச்சு."

"பேச்சு ஏதாவது இருக்கா அதுல? என் போன் வாளித் தண்ணியில விழுந்ததோட அவர் குரல் எல்லாம் போச்சு. ஒரு வார்த்தை இருந்தாக்கூடப் போதும்."

"சிரிப்பு மட்டும்தான் அண்ணி."

"அப்படியா" என்று சொல்லி அடுத்த சட்டையை எடுத்தார். திட்டியிருந்தால்கூட நன்றாகத் தூங்கியிருப்பான்.

திங்கட்கிழமை காலை, ஒலிக்கூடத்தில் யாரும் வருவதற்கு முன் பழைய பதிவை முழுசாகத் திறந்தான். ஒரு நிமிஷம் நாற்பது வினாடி. கடைசியில் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறார்: "போதும்டா, அவ காதுல விழுந்தா இன்னிக்கு எனக்குச் சோறு கிடையாது."

வெட்டுவது அவனுக்குக் கைவந்த கலை. "போதும்டா" என்ற ஒரு சொல்லை மட்டும் தனியே நறுக்கி எடுத்தான். சுத்தமாக இருந்தது. அண்ணிக்குக் கொடுக்க அது போதும். தன் குரல் மாட்டாது, அண்ணன் பெயரும் கெடாது. இரண்டு தடவை போட்டுக் கேட்டான். ஊருக்கெல்லாம் அண்ணனை அள்ளிக் கொடுத்துவிட்டு, கட்டினவளுக்கு ஒரு துண்டு வெட்டி வைத்திருக்கிறோமே என்று உறைத்தது. துண்டை அழித்தான். முழுப் பதிவையும் தன் போனில் ஏற்றிக்கொண்டு, அன்று மாலையே போனான்.

"அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன் அண்ணி. உங்களை மாதிரி பேசிக் காட்டினேன். அதுக்குத்தான் சிரிச்சார். தப்பு என்னோடது."

போனைக் கட்டிலில், சட்டைகளுக்கு நடுவே வைத்து ஓடவிட்டான். தன் குரல் கேட்கக் கேட்க அவனுக்குக் கூசியது. 'அழுத்தறேம்மா' என்று இழுத்த இடத்தில் அண்ணி முகத்தைப் பார்க்க முடியாமல் பொத்தான் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு வந்தது. பிறகு அண்ணன் பேசினார். பிறகு ஒன்றுமில்லை.

அண்ணி இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டார்.

"நான் அப்போ மாடிப்படியிலதான் நின்னேன் தம்பி."

அவன் நிமிர்ந்தான்.

"காயப்போட்ட துணி எடுக்க வந்தேன். எல்லாம் காதுல விழுந்துச்சு. நாலு நாள் அவர்கூடப் பேசலை. என்ன தப்பு பண்ணேன், சொல்லேன்னு பின்னாலேயே சுத்தினார். கடைசிவரை சொல்லலை. கோவம் தீர்ந்தப்புறம் வெட்கமாயிடுச்சு, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன்." சட்டையை மடியில் நீவினார். "நாடகத்துல கேட்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதானான்னு சந்தேகம். உங்க வாயால வருமான்னு பார்த்தேன்."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"உங்களை மன்னிச்சுடலாம். என் நாலு நாளை யாரு மன்னிக்கிறது?"

அண்ணி அவனிடம் ஊசியை நீட்டினார். "கண்ணு தெரியலை, கோத்துக் குடுங்க." நூல் கோத்தான். முதல் இரண்டு தடவை தவறியது.

"நாடகத்துல இனிமே அதைப் போடாதீங்க தம்பி. மாமனார் வழுக்கி விழுந்தா அவர் சிரிக்கிற ஆள் இல்லை. பதறிப்போய்த் தூக்கிவிடுவார்."

மறுநாள் காலை, "பதினாலைப் போடு" என்றார் இயக்குநர்.

"அவர் இனிமே வர மாட்டார் சார்" என்றான் ஒலிப்பதிவாளன். இயக்குநர் முதல் முறையாகக் கண்ணைத் திறந்து பார்த்தார். திரையில் மாமனார் வழுக்கி விழுந்தார், சத்தமே இல்லாமல்.