முன்னாள் ஜனாதிபதிக்கு ஒரு பொன்னாடை

செண்பகவல்லி வீட்டு மாடி வேலைக்குத் திருஷ்டி பொம்மையாக நிற்க, பதவியிழந்த ஜனாதிபதி ஒருவர் ஐப்பசி முதல் வாரத்தில் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தார். அவருடைய நாடு மிகத் தொலைவில் இருந்தது. வரைபடத்தில் விரலை வைத்தால் விரலுக்கடியில் காணாமல் போய்விடும். அங்கே ஜனங்கள் தெருவில் இறங்கி மாளிகையைச் சூழ்ந்துகொள்ள, அவர் சமையல்கட்டு வழியாகத் தப்பித்து ஊர் ஊராக வேலை கேட்டிருக்கிறார். அனுபவம் பார்க்காமல் எடுத்துக்கொண்டது இந்த ஒரு இடத்தில்தான்.

கொத்தனார் பால்பாண்டிக்கு ஆளைப் பார்த்ததுமே திருப்தி. கட்டைப் புருவம், முட்டைக் கண், மார்பு நிறையப் பதக்கம். தெருவில் போகிற எவன் கண்ணும் இவரைத் தாண்டி வீட்டின்மேல் விழாது என்று சொல்லி, மாடியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியோடு அவர் இடுப்பைச் சேர்த்துக் கட்டினான். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை வேலை. பொம்மை பேசக் கூடாது. இத்தனை வருஷம் பேசியது போதும் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

செண்பகவல்லி யாருக்கும் பயப்படுகிற பெண் இல்லை. தபால் ஆபீசில் வேலை பார்க்கும் கணவர் சங்கரலிங்கத்தை முப்பது வருஷமாக மேய்க்கிறவள், ஒரு ஜனாதிபதியை மேய்க்கமாட்டாளா? அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். ஒரே மகள் மாரிச்செல்வி ராஜபாளையத்தில் மாமியார் வீட்டில் ஏழு மாத வயிற்றோடு இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அவள் தாய்வீடு வர வேண்டும். வந்தால் படுக்கத்தான் மாடியில் அந்த அறை எழும்பிக்கொண்டிருந்தது. அதோடு சமையல்கட்டையும் இடித்துப் போட்டிருந்ததால், ஒரு மாதமாகக் குளியலறை வாசலில் வைத்துத்தான் சோறு பொங்கினார்கள். ரசத்தில் சிமெண்டு வாசம் வந்தது. சங்கரலிங்கம் அதைப் பெருங்காயம் என்று நினைத்து இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

மாரிச்செல்வியின் மாமியார் வேலுத்தாய் ஒருநாள் வேலையைப் பார்க்க வந்தாள். சேலையை வயிற்றின்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு மணல் குவியலைத் தாண்டி வந்து, ஜன்னல் கட்டையில் விரலால் தடவி, அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைத்தாச்சிய இந்தத் தூசிக்குள்ள விடமாட்டேன் மதினி. கார்த்திகை பத்துக்குள்ள முடிஞ்சா நானே கொண்டாந்து விடுறேன். இல்லன்னா பிரசவம் எங்க வீட்லதான்."

அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்று செண்பகவல்லி சொன்னாள். சும்மா வாய்ப்பேச்சு இல்லை. ஜனாதிபதி ஏறி நின்ற நாளிலிருந்து சிமெண்டு சொன்ன நேரத்துக்கு வந்தது. மழை பக்கத்துத் தெருவோடு திரும்பிப் போனது. பால்பாண்டி சொன்ன நாளில் வந்தான், திங்கட்கிழமைகூட.

எல்லாவற்றையும் கெடுத்தது சங்கரலிங்கத்தின் நல்ல மனசு. ஒரு நாட்டையே ஆண்டவர் நம் வீட்டு மாடியில் நிற்கிறார், ஒரு மரியாதை செய்யவில்லையே என்று அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்று வாங்கி வந்து, ஏணியில் ஏறி அவருக்குப் போர்த்திவிட்டார். இறங்கி வந்து தானே கைதட்டவும் செய்தார்.

மறுநாள் தெருவில் போனவர்கள் மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். கும்பிட்ட பிறகு கண்ணை எடுத்து வீட்டைப் பார்த்தார்கள். ஜன்னலுக்குப் பித்தளைக் கொண்டி போட்டிருப்பதைப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் புதுச்சுவர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெடித்தது. செவ்வாய்க்கிழமை சமையல்கட்டுக்கு வந்த டைல்ஸ் முழுதும் பெட்டிக்குள்ளேயே உடைந்திருந்தது. புதன்கிழமை பால்பாண்டிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கார்த்திகை பத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

மகள் வராமலே போய்விடுவாளோ என்ற நினைப்பில் செண்பகவல்லி இரண்டு வேளை சாப்பிடவில்லை, கணவரோடு பேசவும் இல்லை. பொன்னாடையைக் கழற்றச் சொல்லி ஜனாதிபதியிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாற்காலியைவிட்டு இறங்கத் தெரியாததால்தானே மனிதர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்!

வியாழக்கிழமை காலை ரயிலடியிலிருந்து ஒரு ஆட்டோவில் கோட்டு சூட்டோடு மூன்று பேர் வந்து இறங்கினார்கள். அவருடைய நாட்டிலிருந்து வந்த தூதுக்குழு. அவரை விரட்டியவர்கள் இப்போது ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டிருக்கிறார்களாம், தலைநகரில் மூன்று நாளாகக் கடை திறக்கவில்லையாம். பழையவரே வந்துவிட்டால் தேவலை என்று பாதிப் பேர் சொல்கிறார்களாம். அவர்கள் அண்ணாந்து பார்த்தபோது ஜரிகை வெயிலில் மின்னியது. மூவரும் குனிந்து வணங்கினார்கள்.

பால் காய்ச்சுகிறவரை கட்டிடத்திலிருந்து பொம்மையை இறக்குகிற வழக்கம் இல்லை என்று செண்பகவல்லி அவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். நாடே பற்றி எரிகிறது என்றார்கள் அவர்கள். அது வாஸ்தவம்தான், ஆனால் தன் மகளுக்கும் நாள் நெருங்குகிறது என்று சொல்லி, சிமெண்டு மூட்டையின்மேல் துண்டை விரித்து அவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

பிறகு நிதானமாகக் கேட்டாள்: "அவர்கிட்ட உங்களுக்கு எது வேணும்?"

மூவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவருடைய யோசனைகள் எதுவும் தேவையில்லை. குரலை ஏற்கெனவே நிறையக் கேட்டாயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை மாளிகை மாடத்தில், ஜனங்கள் பார்த்துக் கைதட்டுகிற மாதிரி ஏதாவது ஒன்று பளபளவென்று இருந்தால் போதும் என்றார்கள்.

"அப்ப பொன்னாடைய எடுத்துட்டுப் போங்க."

ஜனாதிபதி மேலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார். இந்த வீடு முடிந்ததும் தனக்கு வேலை இருக்குமா என்று கேட்டார். பால்பாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டே, இதே தெருவில் இன்னும் நாலு வீட்டில் மாடி எடுக்கப் போகிறார்கள் என்றான். அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு பொன்னாடையைத் தானே கழற்றி, நீளவாக்கில் மடித்துக் கீழே நீட்டினார்.

தூதுக்குழு அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மத்தியான ரயிலுக்கே கிளம்பியது. செண்பகவல்லி ஏணியில் ஏறி, ஜனாதிபதியின் இரண்டு கன்னத்திலும் கரியால் வட்டமிட்டு, நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தாள். பால்பாண்டியின் இடுப்புப் பிடிப்பு அப்போதே விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை செய்தியில் பொன்னாடை பதவியேற்றுக்கொண்டதைக் காட்டினார்கள். கூட்டம் அமைதியாகக் கலைந்து போயிற்று. மாடத்தில் அது எடுப்பாக இருப்பதாகச் சங்கரலிங்கம் சொன்னார். அத்தனை நாள் அவரோடு பேசாமலிருந்த செண்பகவல்லி அதற்கு மட்டும் ஆமாம் என்றாள்.

கார்த்திகை எட்டாம் தேதி வேலை முடிந்தது. ஒன்பதாம் தேதி பால் காய்ச்சினார்கள். ஜனாதிபதி எதிர்வீட்டுக்கு மாறிப்போனார்.

பத்தாம் தேதி காலையில் ராஜபாளையத்து வேன் வந்து வாசலில் நின்றது. மாரிச்செல்வி வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக இறங்கினாள். செண்பகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆலத்தித் தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கியபோது, மகளுக்குப் பின்னால் வேலுத்தாயும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்தாள். மாதம் நிறைந்த வயிறு. கையில் பழைய பருத்திச் சேலைகள் திணித்த ஒரு பை. மாப்பிள்ளை அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆபீசில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருப்பதாகவும், அதற்குள் எப்படியும் அம்மா வயிற்றிலிருந்து தான் பிறந்தாக வேண்டும் என்றும் சங்கரலிங்கத்திடம் சொன்னார்.

வேலுத்தாய் தலைநிமிரவில்லை.

"மொதப் பிள்ளைக்குப் போறதுக்கு எனக்கு அம்மாவும் இல்ல, வீடும் இல்ல மதினி. முப்பத்தோரு வருசமா இவன இப்படியே வயித்துல வச்சிருக்கேன்."

செண்பகவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள். வீங்கியிருந்த பாதங்களைப் பார்த்தாள். தட்டில் இன்னும் கொஞ்சம் மஞ்சள்தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இரண்டு பேரையும் கிழக்கே பார்க்க ஒன்றாக நிறுத்தி, மூன்று சுற்று சுற்றினாள். பிறகு வேலுத்தாயின் கையிலிருந்த பையைத் தான் வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வா தாயி. மொதல்ல கால நீட்டி உக்காரு" என்றாள்.