கொதிக்க வைத்துப் பருகவும்

குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘அறிவிப்பு’ என்றே கூப்பிட்டார்கள். குழாய் உடைந்தால், தொட்டி கழுவினால், மோட்டார் ரிப்பேரானால் ஊருக்கு எழுதிச் சொல்வது அவர் வேலை. பதினோரு வருடமாக எழுதுகிறார். ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்ற தொடரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வார். வீட்டில் ஏதாவது கருகிப்போனால் அவர் மனைவி அதே தொடரைச் சொல்லிக்கொண்டேதான் தட்டை முன்னால் வைப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லேப் அக்கா மாடிக்கு ஏறி வந்தார். தண்ணீர் பரிசோதிக்கும் கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. முட்டிவலி உள்ளவர், எதுவென்றாலும் போனில்தான் பேசுவார். கையில் ஒரே ஒரு தாள்.

“கிழக்குப் பக்கம் ஆறாம் நம்பர் போர்ல நைட்ரேட் ஏறியிருக்கு. வயலுக்குப் போட்ட உரம் மழையோட கீழ இறங்கியிருக்கணும்” என்றார்.

“ஏறியிருக்குன்னா எவ்வளவுக்கா?”

“நாப்பத்தஞ்சு வரைக்கும் இருக்கலாம். போன வாரம் முப்பத்தெட்டு. நேத்து எழுபத்தொண்ணு. நம்ம மிஷின் வேற பழசு, அது சொல்றத அப்படியே நம்ப முடியாது. மறுபடி எடுக்கப்போறேன். வெளி லேபுக்கும் அனுப்பியிருக்கேன், நாலு நாள் ஆகும்.”

“குடிச்சா என்ன ஆகும்?”

“உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் ஆகாது. புட்டிப்பால் குடிக்கற கைக்குழந்தைக்கு ஆகும். ரத்தம் மூச்சுக்காத்தைச் சுமக்காது. உடம்பு நீலம் பூத்துடும்.” சொல்லிவிட்டுச் சற்று யோசித்தார். “ஆகலாம். எல்லாக் குழந்தைக்கும் ஆகும்னு இல்ல.”

அறிவிப்பு எழுதும் இவருடைய தங்கை கிழக்குப் பக்கம்தான் குடியிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. அன்றைக்கு ஏழு வாரம். பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் தாய்ப்பால் நின்றுபோய், மாவுப்பால்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு மீட்டிங். தலைமை இன்ஜினியர், சுகாதார அதிகாரி, லேப் அக்கா, இவர். இன்ஜினியரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. போன வருடம் தண்ணீரில் ஏதோ வாடை வந்தபோது, கையோடு கையாகக் ‘குடிக்க வேண்டாம்’ என்று அறிவிக்கச் சொன்னவர் அவர்தான். மறுநாள் ஊரே தண்ணீர் லாரிகளைச் சூழ்ந்துகொண்டது. தள்ளுமுள்ளில் செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவர் சக்கரத்தில் விழுந்து இறந்தார். மூன்றாம் நாள் பரிசோதனையில் தண்ணீரில் ஒன்றுமே இல்லை. இன்ஜினியர் அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்றார். யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் எதற்கும் இரண்டு முறை யோசிப்பவராகிவிட்டார்.

“ஆபத்து இருக்கா இல்லையாம்மா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்றார்.

“இருக்கலாம் சார்.”

“இருக்கலாம்னு ஊருக்குச் சொல்ல முடியுமா? ஒரு தடவை மேல காட்டுது, ஒரு தடவை கீழ காட்டுது. மிஷினும் சரியில்லன்னு நீங்களே சொல்றீங்க.”

சுகாதார அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆஸ்பத்திரியில இதுவரைக்கும் ஒரு கேஸ்கூட வரல.”

“கேஸ் வந்த பிறகு சொல்றதுக்கு நாம எதுக்கு சார்?” என்றார் லேப் அக்கா. அதற்குள் கீழேயிருந்து ஆள் வந்து, பரிசோதனைக்குப் புதிதாக எடுத்த தண்ணீர் வந்துவிட்டது, உடனே மிஷினில் வைத்தால்தான் சரியாக வரும் என்று சொல்ல, அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

மீதி மூன்று பேர் சேர்ந்து வாசகத்தை முடிவு செய்தார்கள். ‘கைக்குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீரில் பால் கலக்க வேண்டாம்’ என்று இவர் எழுதியிருந்த வரியை இன்ஜினியர் இரண்டு முறை படித்தார். இதைப் போட்டால் புட்டிப்பால் கொடுக்கும் அத்தனை பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பார்கள் என்றார் சுகாதார அதிகாரி. நாலே நாள், முடிவு வந்ததும் திட்டவட்டமாகச் சொல்லிவிடலாம் என்றார் இன்ஜினியர். வரி அடிபட்டது. மிஞ்சியது இவ்வளவுதான்: ‘கிழக்குப் பகுதிக் குடிநீரின் தரத்தில் சிறு மாற்றம் காணப்படுகிறது. ஆய்வு நடைபெற்று வருகிறது. பொதுமக்கள் பதற்றமடையத் தேவையில்லை.’

இவருக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. படிக்கிறவர் என்ன செய்ய வேண்டும்? ஏதாவது ஒன்று சொல்ல வேண்டாமா? யாரும் கேட்காமலே பேனாவை எடுத்து, எத்தனையோ அறிவிப்பில் எழுதிப் பழகிய கடைசி வரியைச் சேர்த்தார்: ‘முன்னெச்சரிக்கையாகக் குடிநீரைக் கொதிக்க வைத்துப் பருகவும்.’

“நல்லாருக்கே” என்றார் இன்ஜினியர். “கொதிக்க வைக்கறதுல என்ன கெடுதல் வந்துடப்போகுது?”

கையெழுத்துப் போட்டார். அந்தப் படிவத்தில் லேபுக்கு என்று ஒரு கட்டம் கிடையாது.

சாயங்காலம் இவர் தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை வேலையிலிருந்து வரவில்லை. தங்கை ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். அரை இஞ்ச் பிசகினால் முப்பது சட்டை வீண் என்று பழகியவள். எதையும் அளவு கேட்காமல் செய்யமாட்டாள். குழந்தை அவள் தோளில் ஏப்பம் விடாமல் அடம் பிடித்துக்கொண்டிருந்தது.

“தெருமுனையில உன் நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க, பார்த்தேன். என்னண்ணா சிறு மாற்றம்?”

“பார்த்துக்கிட்டு இருக்காங்கம்மா. பாப்பாவுக்கு மட்டும் தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுக் குடு.”

“எவ்வளவு நேரம்?”

“தளதளன்னு கொதிக்கட்டும். கூட நேரம் ஆனா கூட நல்லதுதான்.”

“பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லையே?”

கேன் தண்ணீர் வாங்கிக்கோ என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. வாரியத்துக்காரர் தங்கையே கேன் வாங்கினால் தெரு முழுக்கக் காரணம் கேட்கும். முடிவு வருவதற்குள் வெளியே பேசக்கூடாது என்று மீட்டிங்கில் வேறு சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், கொதிக்க வைத்தால் போதும் என்று எழுதிய கைக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

“பயப்படற மாதிரி இருந்தா உங்கிட்ட சொல்லமாட்டேனா?” என்றார். குழந்தை ஏப்பம் விட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. மாப்பிள்ளைதான். “மச்சான், பாப்பா உதடெல்லாம் சாம்பலாட்டம் இருக்கு. பால் குடிக்கமாட்டேங்குது.”

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது குழந்தையைக் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். முதலில் பார்த்த டாக்டர் இதயக் கோளாறு என்று அந்தப் படம் இந்தப் படம் எடுத்தார். பதினொன்றரைக்கு வந்த லேடி டாக்டர் ஊசியில் எடுத்த ரத்தத்தைப் பார்த்தார். காய்ச்சின வெல்லம் போல் கறுத்திருந்தது. “எந்தத் தண்ணியில பால் கலக்கறீங்க?” என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அதற்கான மருந்து அங்கே இல்லை. ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும். கடிதமும் கையெழுத்தும் முடிந்து ஆள் கிளம்பவே ஒரு மணியாயிற்று. இரண்டு மணி இருபது நிமிடத்துக்குக் குழந்தை போய்விட்டது. மருந்து மூன்று மணிக்கு வந்தது.

தங்கை அழவில்லை. குழந்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், சூடு வந்தால் நிறம் வரும் என்பது போல.

மறுநாள் காலை, அடக்கம் முடிந்து வந்து அவர் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது லேப் அக்கா கூப்பிட்டார். தங்கை குழந்தை போனது அவருக்குத் தெரியாது. ஊரின் மறுகோடியில் இருப்பவர், கிழக்கே ஒட்டிய நோட்டீஸ் அன்று வரை அவர் கண்ணில் பட்டதேயில்லை.

“ரிசல்ட் வந்துடுச்சு. தொண்ணூத்தி நாலு. போரை மூடச் சொல்லிட்டேன், ஆனா தொட்டியிலயும் குழாய்லயும் இருக்கற தண்ணி இன்னும் ரெண்டு மூணு நாள் ஓடும். மூணு குழந்தைங்க ஆஸ்பத்திரியில இருக்காம். ஆமா, நோட்டீஸ் இப்பதான் பார்த்தேன். கொதிக்க வைக்கச் சொன்னது யாரு?”

“நான்தான்க்கா.”



“கிருமிக்குத்தான் அது. இது உப்பு மாதிரி. கொதிச்சா தண்ணிதான் ஆவியாப் போகும், இது போகாது. மிஞ்சற தண்ணியில இன்னும் கூடும்.”

“எவ்வளவு கூடும்?” என்றார்.

“எவ்வளவு நேரம் வச்சாங்களோ அவ்வளவு. ஏன், என்ன ஆச்சு?”

அவர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அலுவலகம் போய்ப் புது அறிவிப்பை எழுதினார். ‘தவிர்க்க இயலாத’ எதுவும் அதில் இல்லை. ‘ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள். கொதிக்க வைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் ஆபத்து அதிகமாகும். முன்பு சொன்னது தவறு.’ இன்ஜினியர் படித்துப் பார்த்தார். ‘தவறு’ என்ற சொல்லின் மேல் பேனா ஒரு கணம் நின்றது. அடிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேஜையில் முழங்கையை ஊன்றி முகத்தை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ கிழக்குத் தெருக்களில் இதைப் படித்துக்கொண்டே போகும். தங்கை வீட்டு வாசலையும் தாண்டித்தான் போகும். அதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

தங்கை சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில். அண்ணனைப் பார்த்ததும் அவளாகவே பேசினாள்.

“நான் எதுலயும் குறை வைக்கலண்ணா. இருபது நிமிஷம் மணி பார்த்துக் கொதிக்க வச்சேன். அப்புறம் மனசு கேக்காம, ஆறினதும் இன்னொரு தடவை வச்சேன். ஒரு பானைத் தண்ணி அரைப் பானையா ஆயிடும். ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். நான் குறை வைக்கவே இல்ல.”

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“அம்மாடி, கொதிக்க வச்சிருக்கக் கூடாதும்மா. எனக்குத் தெரியல. கொதிச்சா அந்த விஷம் கூடுமாம்.”

அவள் புரிந்துகொள்வது முகத்தில் மெல்ல மெல்லத் தெரிந்தது. முதலில் கண்ணில், பிறகு வாயில்.

“கொதிக்க வைக்காம குடுத்திருந்தா இருந்திருப்பாளா?”

“தெரியலம்மா. யாராலயும் சொல்ல முடியாது.”

“ஆபத்துன்னு அன்னைக்கு உனக்குத் தெரிஞ்சிருந்துச்சா?”

“ஆபத்து இருக்கலாம்னு தெரியும். இருக்குன்னு தெரியாது.”

“தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமேண்ணா” என்றாள். கத்தவில்லை. “நான் கேட்டேன்ல? தெரியாதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தத் தண்ணிய பாப்பா பக்கமே கொண்டுவந்திருக்கமாட்டேனே.”

மாப்பிள்ளை எழுந்தார். “மச்சான், நீங்க கிளம்புங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வாசலில் இறங்கும்போது ஆட்டோ தெருவுக்குள் திரும்பியிருந்தது. பின்னால் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. தகரக் கதவு எந்தச் சத்தத்தை நிறுத்தும்?

ஒலிபெருக்கி கரகரத்தது. பாதி வார்த்தை விளங்கியது. ‘கொதிக்க வைக்க’ என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. மீதியைக் காற்று அடித்துக்கொண்டு போனது. மறுபடி கொதிக்க வைக்கச் சொல்வதாகத்தான் ஊருக்குக் கேட்கும். ஆட்டோவை மறித்து, அச்சடித்த தாள்களில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வீடு வீடாகத் தட்ட ஆரம்பித்தார்.

மூன்றாவது தெருவில் ஒரு வீட்டில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். அடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.

“போன வாரம் கொதிக்க வைங்கன்னீங்க. இப்ப வைக்காதீங்கன்றீங்க. அடுத்த வாரம் என்ன சொல்லப்போறீங்க?” என்றாள். “போன வருஷமும் இப்படித்தான் ஊரையே கலக்கிட்டுக் கடைசியில ஒண்ணுமில்லன்னீங்க.”

“அம்மா, கெஞ்சிக் கேக்கறேன். என் தங்கச்சி குழந்தை நேத்துதான் இதால போச்சு.”

அவள் கொஞ்சம் இளகினாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “நிச்சயமா இதாலதானா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே என்று ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தங்கை அவரிடம் கேட்டிருந்தாள். இனி யாரிடமும் தெரியாததைத் தெரிந்தது போல் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா. ஆனா...”

“பார்த்தீங்களா” என்றாள் அவள். “நான் எதுக்கும் இன்னும் நல்லாவே கொதிக்க வச்சுக் குடுத்துக்கறேன்.” கதவு மூடிக்கொண்டது. மறுபடி தட்டினார். திறக்கவில்லை. தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அந்த வாரம் இன்னொரு குழந்தை இறந்தது. மூன்றாவது தெருவா என்று விசாரிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இன்ஜினியரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். லேப் அக்கா தானே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து விலகினார். இரண்டு மாதம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது: அன்றைய நிலையில் கிடைத்த தகவல்களைக் கொண்டு பார்த்தால், எடுத்த முடிவு நியாயமானதே. அதைச் சுருக்கிப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் வேலை அவர் மேஜைக்குத்தான் வந்தது.

தங்கையும் மாப்பிள்ளையும் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.