ஒன்பது பேருக்கு ஒரு பிசிக்ஸ் டீச்சர்

அபூ ஹாரிஸ் காப்பிக் கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை. அப்படியே மேசைமேல் வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டார். தலைமையாசிரியை ரஸ்மிய்யா அதைப் பார்த்துவிட்டாள்.

தஃபீலா மலைப்பக்கத்தில் பிறந்த யாருக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். வந்தவர் ஏதோ கேட்கப் போகிறார். ‘குடிங்க, கேட்டது தந்தாச்சு’ என்று வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லும்வரை தொடமாட்டார். சொல்லிவிட்டால் அப்புறம் மாற்றுப் பேச்சே கிடையாது. சொல்லாமல் ஆறவிட்டால் அந்த வீட்டுப் பேர் ஊரெல்லாம் நாறும். வந்தவர் தானாக எடுத்துக் குடித்தாலொழிய, அதாவது கேட்டதை அவரே கைவிட்டாலொழிய, தப்பிக்க வழியில்லை. பெண் கேட்கிற இடத்தில், கொலைப்பகை தீர்க்கிற இடத்தில் வைக்கிற கோப்பை அது. அதைப் பள்ளிக்கூட ஆபீஸில் வைக்கிறாரே, இந்த மனுஷனுக்கு என்ன துணிச்சல்!

அவர் கல்வி அலுவலகத்து அதிகாரி. ரஸ்மிய்யாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை வேறு. பிள்ளைகள் எத்தனை, டீச்சர்கள் எத்தனை என்று பார்க்க வந்திருந்தார். பெரிய கணக்கா அது? சின்னஞ்சிறு பெண்கள் பள்ளிக்கூடம். பாதி ஆடு மேய்க்கிறவர் வீட்டுப் பிள்ளைகள், மீதி குவாரிக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், சிரியாவிலிருந்து வந்த நாலைந்து பேர். பன்னிரண்டாம் வகுப்பு சயன்ஸில் ஒன்பதே பெண்கள். அவர்களுக்கு பிசிக்ஸ் எடுக்க இப்திஹால் ஒருத்திதான்.

“என்ன வேணும், அபூ ஹாரிஸ்?”

“இப்திஹால் டீச்சரைக் கொடு, தங்கச்சி. டவுன் ஸ்கூல்ல பிசிக்ஸுக்கு ஆளே இல்ல. நாப்பது பொண்ணுங்க சும்மா உக்காந்திருக்கு. சம்மதம்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“நாப்பதுல நம்ம லுஜைனும் உண்டா?”

“உண்டு. மறைக்க என்ன இருக்கு? இந்த வருஷம் பொதுப்பரீட்சை. புத்தகத்தை வெச்சுக்கிட்டு அழுவுறா பிள்ளை. பெத்தவன் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?”

பீரோ ஓரமாக நின்ற இப்திஹாலின் முகத்தில் ஈயாடவில்லை. வாசலில் மற்ற டீச்சர்கள் கூடிவிட்டார்கள். இத்தனை பேர் சாட்சி வேறு.

“அப்ப எங்க ஒம்போது பேரு?”

“டவுனுக்கு வரட்டும். குவாரி பஸ்தான் போகவர ஓடுதே. அதுல ஏறினா ஆச்சு.”

ரஸ்மிய்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த பஸ்ஸில் எந்த அப்பன் பெண்ணை ஏற்றுவான்? சயன்ஸை மூடினால் படிப்பு அத்தோடு சரி. அடுத்த மாசமே மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்பார்கள். இது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

காப்பியிலிருந்து ஆவி வருவது நின்றிருந்தது. அவள் எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து, அவருக்குப் பக்கத்தில், வந்தவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். தனக்கொரு கோப்பை ஊற்றி, அவருடையதை ஒட்டி வைத்தாள். அவளும் குடிக்கவில்லை.

“என்ன கூத்து இது?”

“இந்தக் கட்டடம் எங்கப்பா கட்டினதா? அலுவலகத்தோடது. அலுவலகம்னா இங்க நீங்கதான். அப்ப வீட்டுக்காரர் நீங்க, வந்தவ நான். எனக்கும் ஒண்ணு வேணும்.”

“வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீ. சொல்லு.”

“லுஜைனைக் கொடுங்க.”

“என்னது?”

“பத்தாவது ஆளா இங்க சேத்துக்கறேன். இப்திஹால் பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லித் தருவா. பஸ்தான் ஓடுதே, அண்ணே.”

“அந்த பஸ்ஸிலயா? குவாரிக்காரனுங்க நடுவுல என் பொண்ணா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. காது மடல் சிவந்தது. வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருத்திகூடத் தலை குனியவில்லை.

அபூ ஹாரிஸ் தன் கோப்பையை எடுத்தார். குடிங்க என்று யாரும் சொல்லவில்லை. ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துக் கீழே வைத்தார். வாசலில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. இப்திஹால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

அவர் எழுந்து கதவருகே போய் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

“டீச்சர் வர்றாங்கன்னு லுஜைன்கிட்ட சொல்லிட்டு வந்தேன். வாசல்லயே நிப்பா. என்ன சொல்றது, தங்கச்சி?”

ரஸ்மிய்யாவுக்கு அந்தப் பிள்ளையைக் கைக்குழந்தையிலிருந்து தெரியும். மேசைமேல் இருந்த தன் கோப்பையை எடுத்து, ஆறிய காப்பியை அவளும் குடித்து முடித்தாள்.