கசக்காத சீந்தில்

கொடி பூத்துத் தொலைத்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

பூக்காத வரைக்கும் அது சீந்தில். வெள்ளானூரில் பாஸ்கல் குடியிருக்கும் அடுக்ககத்துக்குப் பக்கத்துக் காலி மனையில், முள்கம்பி முழுக்க, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் படர்ந்து கிடந்தது. வெற்றிலை மாதிரி இலை. போனில் படம் பிடித்தார். போன் சீந்தில் என்றது. சீந்தில் சர்க்கரைக்குக் கைகண்ட மருந்து என்று வாட்ஸ்அப் சொன்னது. இதற்குமேல் மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கே சுகர் மாத்திரையைக் குப்பைக்கூடையில் வீசினார். மனைவி செலின் கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள். மசியவில்லை. கடைசியில் அவளே தினமும் காலையில் அந்த இலையைக் கொதிக்க வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, சுகர் ஏறவே இல்லை. கஷாயம் என்னமாய்க் கசக்கிறது என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார் பாஸ்கல். சென்னீர்குப்பத்தில் தனியாக இருக்கும் அக்கா ஆக்னஸுக்கும் சுகர் உண்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு பை நிறையக் கொடியைக் கொண்டுபோய்க் கொடுத்து, "மாத்திரைய தூக்கிப் போடுக்கா, நான் நல்லா கீறேன்ல" என்றார். தம்பி சொன்னால் ஆக்னஸுக்கு வேதவாக்கு. போட்டுவிட்டாள். போன ஞாயிறு மறுபடியும் கொடி கொண்டுபோனபோது மட்டும் ஒன்று கேட்டாள்.

"ஒனக்குக் கசக்குதுன்ற. எனக்கு இன்னாடா, கீரத் தண்ணி மாரி கீது?"

"உன் நாக்கு செத்துப் போச்சுக்கா" என்று சிரித்துவிட்டு வந்தார்.

இன்று காலை இலை பறிக்கப் போனால், புனல் மாதிரி வாயகன்ற வெள்ளைப் பூ, நடுவில் ஊதாப் பொட்டு. சீந்தில் பூ சின்னதாய், மஞ்சளாய், கொத்தாய் இருக்குமென்று அதே போன்தான் காட்டியது. பூவைப் படம் பிடித்தார். ஏதோ தாளிக்கொடி என்றது. இலையைப் பிடித்தார், வேலிப்பருத்தி என்றது. தண்டைக் காட்டினால் மறுபடியும் சீந்தில். கம்பியில் இருப்பது ஒரு கொடியா, மூன்று கொடியா? ஒன்றை இழுத்தால் இன்னொன்று கூடவே வந்தது. இத்தனை நாள் எதைப் பறித்தோம் என்பதே பாஸ்கலுக்குப் புரியவில்லை.

மனையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நாகம்மாவைக் கேட்டார்.

"இது இன்னா கொடிம்மா?"

"கொடிதான் நைனா. ஆடு துன்னும்."

"பேரு?"

"ஆடு இன்னா பேர் கேட்டுகினா துன்னுது?"

சீந்தில் என்றால் கசக்க வேண்டுமே, ஆனது ஆகட்டும் என்று ஓர் இலையைக் கிள்ளி மென்றார். கசக்கவில்லை. இன்னொன்று. அதுவும் கசக்கவில்லை. பச்சைக் கீரை ருசி. இலை கசக்காதபோது கஷாயம் மட்டும் எப்படிக் கசக்கிறது? இது மருந்தே இல்லையென்றால் சுகர் ஏன் ஏறவில்லை? வீட்டுக்குள் நுழைந்தார்.

செலின் டம்ளரோடு நின்றாள். நேற்றுப் பறித்த இலையில் போட்ட கஷாயம். ஒரு வாய் குடித்தார். குமட்டும் கசப்பு.

"இதுல இன்னா போட்ட?"

செலின் முந்தானையால் கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"மாத்திர. பொடிச்சுப் போட்டேன். குப்பையில இருந்து நான்தான் எடுத்தேன். தீந்ததும் மெடிக்கல்ல வாங்கிகினு வந்தேன். நீங்கதான் சொன்னாக் கேக்கலையே, வேற இன்னா பண்ணச் சொல்றீங்க?"

கோபம்தான் முதலில் வந்தது. தினமும் கையில் வாங்கிக் குடித்த மனுஷனை இப்படியா ஏமாற்றுவாள்? பிறகு வெட்கம் வந்தது. அதன் பின்னாலேயே, இவள் இல்லாவிட்டால் என் கதி என்னவாகியிருக்கும் என்ற நன்றியும் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் விருட்டென்று எழுந்தார். கீரைத் தண்ணீர்.

அக்காவுக்குப் போன் போட்டார்.

"இன்னாடா பாஸ்கலு, காலங்காத்தால?" ஆக்னஸின் குரல் காய்ந்திருந்தது. "ரெண்டு நாளா ஒரே தாகம்டா. ராவெல்லாம் பாத்ரூமுக்கு நடையா நடக்கிறேன். அதான் ஒன் கஷாயத்த ரெண்டு கிளாஸா ஆக்கிகினேன்."

"அக்கா, அத குடிக்காத. கீழ ஊத்து. பழைய மாத்திர கீதா?"

"நீதானடா தூக்கிப் போடச் சொன்ன? ஏன், கொடிக்கு இன்னா?"

செலின் அதற்குள் வண்டிச் சாவியையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அது இன்னா கொடின்னே எனக்குத் தெரியாதுக்கா."



"தெரியாதா?" என்றாள் ஆக்னஸ். "அப்ப நீ மட்டும் எப்டிடா நல்லா கீற?"

பாஸ்கல் செலினைப் பார்த்தார்.