மூலை மனைக்குப் போட்ட #

குரோம்பேட்டையில் இருந்த எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்ததுமே லோகநாதன் கத்தினார். "இன்னாம்மா இது? கார்னர் மனை வாங்கினவனுக்கெல்லாம் லெட்டர் பாதி காணோம்!"

பள்ளிக்கரணையில் குடும்பத்து வயலை மனைகளாகப் போட்டு விற்பவர் அவர். வாங்கியவர்களுக்குப் பதிவுத் தேதி சொல்லும் கடிதங்களை அச்சடிக்க நானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். மாதிரிக் கடிதத்தில் #பெயர்#, #மனை#, #தேதி# என்று போட்டுவைத்தால், ஆளுக்கேற்ற விவரம் அங்கே வந்து உட்காரும். 1993-ல் அந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் அது இல்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அவர் ஆபீஸிலோ, இரண்டு தெரு சந்திக்கும் மனை என்றால் எண்ணுக்குப் பின்னால் # போடுவார்கள். 17# என்று வந்து விழுந்ததும், என் புரோகிராம் அந்தக் குறியையும் தன்னுடையதென்று நினைத்து, அடுத்த # வரை இருந்த வார்த்தைகளை விழுங்கிவிட்டது.

"அந்தக் குறியைப் போடாதீங்கோன்னு சொல்லிடு," என்றார் முதலாளி தோத்தாத்ரி. "இல்லேன்னா பம்பாய்லேர்ந்து ரெடிமேட் பேக்கேஜ் வாங்கிடறேன். நீ டைப்பிங் பாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவர் மனைக்கு அவர் போடற குறி, சார். என் புரோகிராம்தான் அடங்கணும். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

வேறு குறிக்கு மாறலாம். நாளைக்கு வேறொருவர் அதையும் எழுதுவார். காபி ஆறிப்போன பிறகுதான் உறைத்தது: நிரப்பிய விவரத்தை என் புரோகிராம் ஏன் மறுபடி கட்டளையாகப் படிக்கவேண்டும்? மாதிரிக் கடிதத்தில் நான் எழுதுவது மட்டும்தானே கட்டளை! வெளியிலிருந்து வருவதை வந்தபடியே அச்சடித்துவிட்டு மேலே போகவேண்டியதுதான். மாதிரியிலேயே நிஜமான # வேண்டுமென்றால், ## என்று இரண்டாகப் போட்டால் ஒன்றாக விழட்டும்.

சாயங்காலம் 17# ஒழுங்காக வந்தது. தோத்தாத்ரி அப்போதும் விடவில்லை. வாங்குபவர் பெயரைக் கேட்ட இடத்தில், வேண்டுமென்றே #பெயர்# என்று தட்டினார். பழைய புரோகிராம் என்றால் பெயருக்குள் பெயரைத் தேடிச் சுற்றிச் சுற்றியே நின்றுபோயிருக்கும்.

பிரிண்டர் கிறீச்சிட்டது. 'அன்புள்ள #பெயர்# அவர்களுக்கு' என்று தொடங்கி, ஓர் எழுத்து குறையாமல் முழுக் கடிதமும் வந்தது.

லோகநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். "யாரும்மா இந்த ஆளு? பேரே பேஜாரா கீது!"

எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. தோத்தாத்ரி மட்டும் சிரிக்காமல் பம்பாய்க்குப் போன் போட்டார்.

"உங்க பேக்கேஜ்ல, பேருக்குள்ளேயே உங்க குறி வந்தா என்ன ஆகும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் குறியைப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்களாம்.

"அப்போ வேண்டாம். எங்க சுந்தரவல்லி பண்ணிட்டா."