சிவப்பு பல்பு அணையும்வரை

என் இரண்டு காதுகளின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: கீழே இருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கிழவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். நான் எதையும் கூட்டவில்லை. கேட்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்பதற்காகச் சில இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

நான் ஒரு ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் இன்ஜினியராக இருந்தேன். திறமையால் கிடைத்த வேலை. முதலாளி என் மாமனார் என்பது தற்செயல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் என் மெஷினும். அந்தப் பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த சுவர்களுக்கு நடுவே ஒரு மைக், அதற்கு முன்னால் வேலை செய்கிற ஆள். மற்ற இன்ஜினியர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பழக்கமில்லை. மெஷினில் ஒரு சின்ன முள் உண்டு, சத்தம் கூடினால் வலப்பக்கம் சாயும். நான் அதைத்தான் பார்ப்பேன். காது ஏமாற்றிவிடும்.

எங்கள் ஸ்டுடியோவில் எஃபெக்ட்ஸ் போடுகிறவருக்கு இச்சண்ணன் என்று பெயர். படத்தில் வாயால் பேசுவதைத் தவிர மற்ற எல்லாச் சத்தமும் அவர்தான். மழை, கதவு, குதிரை, எலும்பு முறிவு எல்லாம். கதாநாயகி நடந்து வரவேண்டும் என்றால் ஹைஹீல்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு கல்பலகை மேல் நடப்பார். கட்டில் ஆடுவதற்கென்று பழைய மர நாற்காலி ஒன்று வைத்திருந்தார். அதில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார். "சுருதி போயிடும்" என்பார்.

ஆனால் பெயர் வாங்கித் தந்தது முத்தம்தான். இடது மணிக்கட்டின் உட்பக்கத்தை உதட்டுக்குக் கொண்டுபோய் ஓர் 'இச்'. முப்பது வருஷமாக எந்த நடிகர் எந்த நடிகைக்கு முத்தம் கொடுத்தாலும், உண்மையில் அது இச்சண்ணன் இச்சண்ணனுக்குக் கொடுத்ததுதான். அந்த மணிக்கட்டு காய்த்துப்போய் வாட்ச் கட்ட இடமில்லாமல் இருந்தது. தெருவில் யாராவது காதல் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனால் அது மட்டும் தனியாக வெட்கப்பட்டுச் சிவக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

ஐம்பத்திரண்டு வயதுவரை அந்த மணிக்கட்டைத் தவிர வேறு எதையும் அவர் முத்தமிட்டதில்லை.

அக்கா வீட்டு மாடியறையில் இருந்தார். தாய் இல்லாத பிள்ளையை வளர்த்த அக்கா. "என் தம்பிக்கு அதுலயெல்லாம் நாட்டமே கிடையாது, சாமியார் மாதிரி" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இந்தச் சாமியார்தான் அந்த வீட்டில் பால் வாங்குவார், அக்கா புருஷன் சட்டைக்கு இஸ்திரி போடுவார், தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவார், படுக்கப்போகுமுன் கேஸை மூடுவார். யாராவது வரன் கொண்டுவந்தால் அவர் வாயைத் திறப்பதற்குள் அக்காவே பதில் சொல்லி அனுப்பிவிடுவாள். ஸ்டுடியோவில் என்ன வேலை என்று கேட்டதற்கு 'குதிரை' என்று சொல்லியிருந்தார். தம்பி குதிரைக் குளம்புச் சத்தம் போடுகிறான் என்பதில் அக்காவுக்கு ஏகப் பெருமை.

இதே ஸ்டுடியோவுக்கு மத்தியானத்தில் ஒரு அம்மாள் வருவார். டப்பிங் ஆர்ட்டிஸ்ட். வயது ஐம்பது, கல்யாணம் ஆகவில்லை. இருபது வயது நடிகைகளுக்குப் பெருமூச்சு, திக்கல், சிணுங்கல், கட்டில் காட்சியில் வேண்டிய மற்ற எல்லா மூச்சும் அவருடையது. அதனால் மூச்சக்கா. ஒரு தடவை அவர் மைக்கில் விட்ட பெருமூச்சில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த என் டீ ஆறிப்போனது.

எஃபெக்ட்ஸ் காலையில், குரல் மத்தியானம். அதுதான் எங்கள் முறை. இரண்டையும் தனித்தனியாக எடுத்துப் பிறகு ஒன்றாகக் கோப்போம். ஆக, உதடு அவருடையது, மூச்சு இவருடையது. நூற்றுக்கணக்கான படுக்கையறைகளில் ஒன்றாக இருந்த இரண்டு பேர், முகத்துக்கு முகம் பார்த்ததே கிடையாது.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. நாற்பத்தைந்து வயதுவரை ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்ட ஒருவனுக்குக் காதல் வருகிற கதை. பச்சையான காமெடி. மருந்துக்கடைக்கு 'அது' வாங்கப் போகிறவன் வாய் வராமல் பை நிறைய இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வருவான். கட்டில் உடைந்து கீழ்வீட்டுக்காரர்களின் சாப்பாட்டு மேஜை மேல் இறங்குவான், அவர்கள் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுப்பார்கள். கடைசியில் ஒரு முத்தம். திரையில் ஒன்றும் தெரியாது, ஜன்னல் திரைச்சீலை மட்டும் ஆடும். சத்தம்தான் எல்லாம்.

இச்சண்ணன் மணிக்கட்டில் ஒன்று வைத்தார். டைரக்டர் சின்னப் பையன், உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப அனுபவசாலி மாதிரி இருக்கு. இவனுக்கு இதான் முதல் தடவை."

"எனக்கும்" என்று சொல்ல இச்சண்ணனுக்கு வாய் வரவில்லை. வலது மணிக்கட்டு, முழங்கை, உரித்த ஆரஞ்சு, நனைந்த ரப்பர் கையுறை என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தார்.

"இது சூப் குடிக்கிற மாதிரி இருக்கு. இது பாத்ரூம் அடைப்பு எடுக்கிற மாதிரி இருக்கு. அண்ணே, படம் பூரா சிரிப்புதான், ஆனா இந்த ஒரு இடத்துல ஜனங்க மூச்ச பிடிச்சுக்கணும்."

மூச்சு என்றதும் எனக்கு யோசனை வந்தது. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் ஒரே மைக்கில் நிறுத்தலாம் என்றேன். முறைக்கு விரோதம்தான். மாமனார் வெளியூர் போயிருந்தார்.

மூச்சக்கா கதவைத் திறந்தபோது இச்சண்ணன் ஹைஹீல்ஸில் நின்றுகொண்டிருந்தார். கதாநாயகி மாடிப்படி ஏறுகிற காட்சி பாதியில் இருந்தது.

"ஓ, நீங்கதானா அது" என்றார் மூச்சக்கா, செருப்பைப் பார்த்து. "இத்தன வருஷமா யாருடா இந்தப் பொண்ணு, இவ்வளவு அழகா நடக்கறாளேன்னு பொறாமப்பட்டுட்டு இருந்தேன்."

"நீங்க... அந்தப் பெருமூச்சு?"

"அந்தப் பெருமூச்சுதான். கொஞ்சம் குண்டா இருக்கும், பரவால்லையா?"

இச்சண்ணன் செருப்பைக் கழற்றக் குனிந்தார். பக்கிள் மாட்டிக்கொண்டது. கழற்ற முடியவில்லை. ஆகவே இனி நடந்ததெல்லாம் ஹீல்ஸோடுதான் நடந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டளை உண்டு. மைக்குக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தால் டேப் ஓடுகிறது என்று அர்த்தம். வேலை முடிந்தாலும், பல்பு அணையும்வரை இருந்த நிலையில் அப்படியே இருக்கவேண்டும். துணி சரசரத்தால்கூட டேக் வீண். இருமல் வந்து மயங்கி விழுந்த ஆர்ட்டிஸ்டுகள் உண்டு, சத்தமில்லாமல் விழுந்தார்கள்.

பல்பைப் போட்டேன். இச்சண்ணன் மணிக்கட்டை உதட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். மூச்சக்கா மூச்சை இழுத்தார், நிறுத்தினார். அந்தக் காய்த்துப்போன மணிக்கட்டை ஒரு கணம் பார்த்தார். பிறகு, கொடியில் காய்கிற துண்டை ஒதுக்குகிற மாதிரி, இரண்டு விரலால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் தன் முகத்தை வைத்தார்.

முள் வலப்பக்கம் சாய்ந்தது. கோடியில் போய் முட்டியது. வளைந்தது. அந்த வளைந்த முள் இன்றும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வெளியே நிறுத்தியிருந்த வண்டிகளெல்லாம் தானாக ஹாரன் அடித்தன. நடுவில் இச்சண்ணனுக்கு ஒரு விக்கல் வந்தது. சாதாரண விக்கல் இல்லை, வாலில் மெல்லிய விசில் வைத்த விக்கல்.

பல்பை அணைக்கவேண்டியவன் நான். முள் வளைந்த அதிர்ச்சியில் டீ குடிக்கப் போய்விட்டேன். டீக்கடையில் ஒருவர் அரசியல் பேசினார். நானும் பேசினேன். அப்படியே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, திரும்பி வந்தேன். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் இம்மி அசையவில்லை. தொழில் பக்தி என்றால் அது.

அணைத்தேன். பிரிந்தார்கள்.

"இன்னொரு டேக் வேணுமான்னு கேளுங்க" என்றார் மூச்சக்கா, என்னைப் பார்க்காமல்.

இச்சண்ணனுக்கு முகம் சந்தோஷத்திலும் பயத்திலும் ஒருசேர வெளுத்திருந்தது. "அக்காகிட்ட சொல்லணும்" என்றார். "சொன்னா வீடு இடிஞ்சிடும். கொஞ்ச நாளைக்கு யாருக்கும் தெரியாம..."

"ஒளிஞ்சு பழகறதுக்கு எனக்கென்ன பதினெட்டு வயசா?" என்றார் மூச்சக்கா. "பதினெட்டுல ஒளிஞ்சா அதுக்குப் பேரு காதல். அம்பதுல ஒளிஞ்சா கோழைத்தனம். வர்றதுன்னா வாசல் வழியா வாங்க. இல்லேன்னா உங்க கையே உங்களுக்குத் துணை."

அதற்கப்புறம் அவர் மத்தியானங்களில் வருவதை நிறுத்திவிட்டார். கட்டில் நாற்காலி சுருதி இல்லாமல் கிறீச்சிட ஆரம்பித்தது.

டைரக்டருக்கோ தலைகால் புரியவில்லை. "இதான்ணே! அந்த விக்கல் இருக்கே, அதான்ணே முதல் தடவை!" என்று குதித்தான். படத்தை ஊருக்குக் காட்டுமுன் வேலை செய்த எல்லோருக்கும் குடும்பத்தோடு ஒரு காட்சி வைத்தான். குதிரை கேட்க அக்கா கிளம்பிவிட்டாள்.

காட்சிக்கு முதல்நாள் இச்சண்ணன் என்னிடம் வந்தார். "அந்த விக்கல மட்டும் வெட்டிடுங்க. சின்ன வயசுல சக்கரை டப்பாவுல கைய விட்டா எனக்கு அந்த விக்கல் வரும். அக்காவுக்கு அது தெரியும். இருட்டுல கேட்டாக்கூடக் கண்டுபிடிச்சிடுவா."

டேப்பை அவர் கையில் கொடுத்தேன், பக்கத்தில் கத்தரியும் வைத்தேன். தம் மணிக்கட்டையும் டேப்பையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தரியை மேஜையில் வைத்தார்.

"வேண்டாம். ஊர்ல இருக்கிறவன் உதட்டுக்கெல்லாம் என் சத்தத்தக் குடுத்தாச்சு. இந்த ஒண்ணு என்னுது. இருக்கட்டும்."

காட்சி நடந்தது. இருமல் மருந்துக்குச் சிரித்தார்கள். கட்டில் இறங்கியபோது ஒருவர் சிரித்துச் சிரித்துப் பல்செட்டை முன்வரிசைக்கு அனுப்பிவிட்டார். அக்கா மட்டும் "இதுல குதிரை எப்ப வரும்?" என்று புருஷனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரைச்சீலை ஆடியது. முத்தம் வந்தது. அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்ததில் காற்றில்லாமல் மின்விசிறிகள் நின்றன. பிறகு விக்கல். பிறகு விசில்.

"லைட்டப் போடுங்க" என்றாள் அக்கா.

போட்டார்கள்.

"அது என் தம்பி விக்கல்."

முழு அரங்கமும் திரும்பியது. ஓரத்து இருக்கையில் இச்சண்ணன் எழுந்து நின்றார்.

"ஆமாக்கா. என்னுதுதான்."

"குதிரைன்னு சொன்னியேடா."

"குதிரையும் போடுவேன்."

"அம்பத்திரண்டு வயசு ஆகுதுடா உனக்கு."

"தெரியும்கா. நானும் கூடவேதான் இருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "இந்த வயசுல இதெல்லாம் கேக்குதா? நாலு பேர் என்ன சொல்வாங்க? உன்னப்பத்தி என்னவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"நீ சொல்லி வச்சத நான் காப்பாத்திட்டு இருந்தேன்கா. இவ்வளவு நாள் காப்பாத்தினது போதும். எனக்கு ஒருத்தங்களப் பிடிச்சிருக்கு. கேக்குதான்னா, கேக்குது. சத்தமாவே கேக்குது. இப்பதான் அரங்கம் பூரா கேட்டுச்சே."

"யாருடா அவ?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மூச்சு என்னுதுங்க." மூச்சக்கா எழுந்து வந்துகொண்டிருந்தார். மறைந்து வரவில்லை. நடுவழியே, கைப்பையை ஆட்டிக்கொண்டு. "அம்பது வயசு. இடது முட்டி வலி உண்டு. சமையல் சுமார்தான். வேற ஏதாவது கேக்கணுமா?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். "இவளோட போனா திரும்ப வீட்டு வாசப்படி மிதிக்காத."

"சரிக்கா. மாடி சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. மோட்டார் சுவிட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், மேல தூக்கிட்டு அமுக்கணும்."

அதுவரை வாயே திறக்காத அக்கா புருஷன் எழுந்தார். "மச்சான், அப்ப கேஸ யாரு மூடுவா?"

"வலப்பக்கம் திருப்பணும் மாமா. நீங்களே மூடலாம். முதல் தடவ கொஞ்சம் பயமா இருக்கும். அப்புறம் பழகிடும்."

இரண்டு பேரும் நடுவழியே நடந்து வெளியே போனார்கள். இச்சண்ணன் அன்று சாதாரணச் செருப்புதான் போட்டிருந்தார். ஆனாலும் பழக்கதோஷம், 'டக், டக்' என்று கதாநாயகி கோபித்துக்கொண்டு கிளம்புகிற நடை. அத்தனை படங்களில் அத்தனை பேர் கேட்ட நடை. கதவு சாத்தியபிறகும் அது கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாத்தான் நடக்கறான்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

இவ்வளவும் நான் என் இரண்டு காதால் கேட்டது. அந்த முத்தம், விக்கல், விசில், அந்தக் கடைசி டக் டக், ஒன்றையும் மறக்கவில்லை.

எனக்குப் பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்காது.